எழுதுகிறவர் எதைக்கொண்டு வாழ்ந்தார்?

தமிழ் ஆய்வேடுகளில் 'ஆசிரியர் வாழ்க்கைக் குறிப்பு' என்றொரு பகுதி தவறாமல் இடம்பெறும். பிறந்த ஊர், பெற்றோர், கல்வி, நூல்கள், விருதுகள் ஆகியவை அதில் வரிசையாக வரும். அவ்வெழுத்தாளர் மாதந்தோறும் எவ்வளவு ஈட்டினார், முதல் நூலின் அச்சுக்கூலியை யார் கொடுத்தார், வேலையற்ற ஆண்டுகளில் வீட்டு வாடகையை யார் செலுத்தினார் என்பவை பற்றி ஒரு வரியும் இராது. கேட்டால், அவையெல்லாம் இலக்கியத்துக்குப் புறம்பானவை என்ற விடை கிடைக்கும். இவ்விடை தவறானது. இத்தவறு ஆய்வு முறையியலோடு நின்றுவிடவுமில்லை. இன்று எழுதும் இளம் ஆய்வாளர்களிடமிருந்து பணம் பறிக்கும் ஓர் ஏற்பாட்டுக்கு அது நியாயம் கற்பித்துக்கொண்டிருக்கிறது.

இதைக் கண்கூடாகக் காண ஏற்ற நிலப்பகுதி நெய்யாற்றின்கரை வட்டம். பெருங்கடவிளை, வெள்ளறடை, குன்னத்துகால், பாறசாலை என விரியும் இவ்வெல்லை ஊர்களுக்குத் தெற்கிலும் கிழக்கிலும் விளவங்கோடு. 1956 நவம்பர் 1 அன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. தமிழர் தரப்பு கோரிய நெய்யாற்றின்கரைப் பகுதி கேரளத்திலேயே நின்றது. பேச்சுவழக்கும் உறவுமுறையும் சந்தையும் இரு பக்கத்துக்கும் பொதுவாகவே தொடர்ந்தன. மாறியது, எந்த அரசின் அலுவலகத்தில் மனுக்கொடுக்க வேண்டும் என்பதுதான்.

இந்த நெய்யாற்றின்கரையில் 1878-இல் பிறந்தவர் 'சுதேசாபிமானி' கே. இராமகிருஷ்ணபிள்ளை. மலையாள இதழியல் வரலாற்றில் அவர் பெயருக்கு அறிமுகம் தேவையில்லை. திவான் பி. இராஜகோபாலாச்சாரியின் ஆட்சியைத் தொடர்ந்து கண்டித்து எழுதியதற்காக 1910 செப்டம்பர் 26 அன்று கைது செய்யப்பட்டு, திருவிதாங்கூரிலிருந்து நாடுகடத்தப்பட்டார். அச்சகமும் இதழும் பறிமுதல் செய்யப்பட்டன. ஆரல்வாய்மொழி எல்லைக்கு அப்பால் அவர் கொண்டுவிடப்பட்டார். கேரள அரசு வழங்கும் உயரிய இதழியல் விருது இன்று அவர் பெயரையும் கேசரி பாலகிருஷ்ணபிள்ளையின் பெயரையும் தாங்கி நிற்கிறது. அஞ்சாத பேனா என்ற புகழுரை ஒவ்வொரு நினைவுநாளிலும் ஒலிக்கிறது.

அந்தப் பேனா எவ்வாறு இயங்கிற்று என்பதை நினைவுநாள் உரைகள் சொல்வதில்லை. கேரள தர்ப்பணம், கேரள பஞ்சிகா, மலையாளி என ஓர் இதழிலிருந்து இன்னோர் இதழுக்கு நகர்ந்தவர் இராமகிருஷ்ணபிள்ளை. 'சுதேசாபிமானி'யை 1905-இல் அஞ்சுதெங்கில் தொடங்கியவர் வக்கம் அப்துல் காதர் மௌலவி. முதலும் அச்சகமும் அவருடையவை. 1906-இல் ஆசிரியப் பொறுப்பேற்ற இராமகிருஷ்ணபிள்ளைக்கு அவர் முழுச் சுதந்திரம் அளித்தார். அரசு பறிமுதல் செய்தது அந்த மௌலவியின் சொத்தை. ஆக, பேனா ஒருவருடையது. அது எழுதியதற்கான பொருளிழப்பு இன்னொருவருடையது.

நாடுகடத்தலுக்குப் பின் வந்த ஆறாண்டுகள் இன்னும் தெளிவான பாடம். திருநெல்வேலி, சென்னை, பாலக்காடு, கண்ணூர் என்று அலைந்த அந்த ஆண்டுகளில்தான் தம் நாடுகடத்தல் பற்றிய நூலும், இதழியல் பற்றிய 'விருத்தாந்த பத்ரப்ரவர்த்தனம்' நூலும், கார்ல் மார்க்ஸின் வாழ்க்கை வரலாறும் அவரிடமிருந்து வெளிவந்தன. பின்னிரண்டும் 1912-இல் வந்தவை. பாலக்காட்டில் அக்குடும்பத்துக்குப் புகலிடம் அளித்தவர் எழுத்தாளர் தரவத்து அம்மாளு அம்மா. 1915-இல் கண்ணூருக்குக் குடிபெயரக் காரணம், மனைவி பி. கல்யாணி அம்மாவுக்கு அங்கே கிடைத்த ஆசிரியை வேலை. 1916 மார்ச் 28 அன்று, முப்பத்தெட்டு வயதைத் தொடுமுன், இராமகிருஷ்ணபிள்ளை அங்கேயே இறந்தார். பன்னிரண்டு ஆண்டு இல்வாழ்க்கையின் நினைவுகளைக் கல்யாணி அம்மா 'வியாழவட்ட ஸ்மரணகள்' என்ற நூலாக எழுதினார். கணவரின் எழுத்து வாழ்வுக்குப் பின்னிருந்த வீட்டை அறிய விரும்பும் எவருக்கும் அந்நூல் நூறாண்டுகளுக்கு மேலாகத் திறந்தே கிடக்கிறது.

தமிழில் இதற்கு இணையான சான்று இல்லையா? உண்டு, அதுவும் அதே திருவனந்தபுரத்தில் முடிகிறது. புதுமைப்பித்தன் 'ஊழியன்', 'மணிக்கொடி', 'தினமணி', 'தினசரி' என்று இதழ்களைச் சார்ந்து பிழைத்து, பின்னர் திரைப்படத் துறையை நாடி, 'ராஜமுக்தி' படத்துக்காகப் பூனா வரை சென்றார். காசநோயோடு திரும்பி, 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தபோது அவருக்கு வயது 42. அவர் மனைவி கமலா விருத்தாசலமும் சிறுகதை எழுதியவர். பிரிந்திருந்த காலங்களில் அவருக்குப் புதுமைப்பித்தன் எழுதிய கடிதங்கள் அச்சில் உள்ளன. புதுமைப்பித்தனின் எள்ளல், நடை, தொன்ம மறுவாசிப்பு ஆகியவை குறித்து ஆய்வேடுகள் குவிந்துள்ளன. சம்பளமும் பயணமும் வேலைதேடலும் அவருடைய எழுத்தின் அளவையும் வேகத்தையும் எவ்வாறு தீர்மானித்தன என்பதை மையமாகக் கொண்ட ஆய்வுகளோ அரிது. சான்றுகள் இல்லாமையால் ஏற்பட்ட குறையன்று இது. கேள்வியே இழிவானதாகக் கருதப்பட்டதால் ஏற்பட்டது.

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழும்: வறுமைதான் படைப்பாளியைக் கூர்மையாக்குகிறது, வசதி வந்தால் எழுத்து மழுங்கும் என்பார்கள். மேடைகளில் பெருங்கைதட்டல் பெறும் இக்கூற்று, தென் திருவிதாங்கூர்த் தமிழ் எழுத்தின் வரலாற்றோடு பொருந்தவில்லை. நகுலன் மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியர். 1968-இல் 'குருக்ஷேத்திரம்' தொகுப்பை அவர் கொண்டுவந்தபோது பின்னால் நிலையான சம்பளம் இருந்தது. நீல பத்மநாபன் கேரள மின்வாரியத்தின் பொறியாளர். 'புத்தம் வீடு' எழுதிய ஹெப்சிபா ஜேசுதாசன் ஆங்கிலப் பேராசிரியை. ஆ. மாதவன் சாலைத் தெருவில் கடை நடத்தியவர். அவர் கதைகளின் உலகமும் அத்தெருவே. தோப்பில் முஹம்மது மீரான் வணிகர். இவர்களுள் எவரும் எழுத்தின் வருவாயை நம்பி வாழவில்லை. நாள்தோறும் அடுப்பெரிய வேறு வழி இருந்ததனால்தான் பல பத்தாண்டுகள் தொடர்ந்து எழுத முடிந்தது. மாதவனுக்குச் சாகித்திய அகாதெமி விருது 2015-இல் கிடைத்தபோது அவர் எண்பதைக் கடந்தவர். அதுவரை அவரைக் காத்தது கடைக் கல்லாப்பெட்டி. வறுமை இலக்கியத்தை வளர்க்கும் என்பவர்கள் இப்பட்டியலுக்கு விடை சொல்லவேண்டும். பாரதி முதல் புதுமைப்பித்தன் வரை இளமையிலேயே மறைந்தவர்கள் எழுதாமல் விட்ட நூல்கள் எத்தனை என்பதற்கும் விடை சொல்லவேண்டும்.

இந்த 'தியாக' வழிபாடு பழங்கதையாக முடிந்திருந்தால் இத்துணை நீட்டிப் பேச வேண்டியதில்லை. இன்றைய ஆய்வு மாணவரின் பணப்பையில் அது கை வைக்கிறது. பெருங்கடவிளைப் பகுதியில் பிறந்து, தமிழ் இலக்கியம் கற்று, முனைவர் பட்டம் பெறும் ஒருவரின் நிலையை எண்ணிப்பார்க்கலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 ஒழுங்குமுறைப்படி, பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் நேர்காணலுக்குத் தெரிவு செய்யும் அட்டவணையில் ஓர் ஆய்வுக்கட்டுரைக்கு 2 மதிப்பெண், அதிகபட்சம் 10. எனவே ஐந்து கட்டுரைகள் வேண்டும். அந்த அட்டவணையில் நாவலுக்கும் சிறுகதைத் தொகுப்புக்கும் இடமில்லை. நகுலனே விண்ணப்பித்தாலும் அவர் நாவல்களுக்குச் சுழியம்தான் கிடைக்கும்.

அந்த ஐந்து கட்டுரைகள் எங்கே அச்சாகின்றன? மாணவரிடமே கட்டணம் வாங்கும் இதழ்களில் பல அச்சாகின்றன. கருத்தரங்கு நடத்தும் துறைகள் பதிவுக் கட்டணம் பெற்று, தர எண் பொறித்த தடித்த தொகுதியொன்றை வெளியிடுகின்றன. நூற்றுக்கணக்கான கட்டுரைகள் கொண்ட அத்தொகுதியை யாரும் படிப்பதில்லை; படிப்பதற்காக அது அச்சிடப்படவுமில்லை. முனைவர் பட்டத்துக்கு முன் கட்டுரை வெளியிடவேண்டும் என்ற கட்டாயத்தை 2022 ஒழுங்குமுறை நீக்கியது. யுஜிசி-கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் மானியக் குழு கைவிட்டது. வேலைக்கான மதிப்பெண் அட்டவணை நிற்கும்வரை இம்மாற்றங்களால் சந்தை மூடப்போவதில்லை. இதழின் தரத்தை அளக்கும் பொறுப்பு இப்போது ஒவ்வொரு நிறுவனத்தின் கைக்கும் போய்விட்டதால், கடை விரிப்பவர்களுக்கு வாசல் அகன்றிருக்கிறது என்றே அஞ்சவேண்டியுள்ளது.

அடுத்தது வேலை. தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் பிற மாநிலத்தவருக்கு இடஒதுக்கீடு இல்லை. பொதுப்பிரிவில் போட்டியிட வேண்டும். அருமனையில் வாழும் உறவினருக்குப் பொருந்தும் ஒதுக்கீடு பெருங்கடவிளைக்காரருக்குப் பொருந்தாது. இருவர் பேச்சும் ஒன்று. சாதிச் சான்றிதழில் உள்ள பெயரும் ஒன்றாகவே இருக்கலாம். கேரளத்தில் அவர் மொழிச் சிறுபான்மையினர். அங்கே தமிழ்ப் பேராசிரியப் பணியிடங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. 1956-இல் வரையப்பட்ட கோடு நிலத்தில் மங்கிவிட்டிருக்கலாம்; விண்ணப்பப் படிவத்தில் அது இன்றும் தெளிவாகவே இருக்கிறது. களியக்காவிளையில் பேருந்து மாறி நாகர்கோவிலுக்கும் திருநெல்வேலிக்கும் கருத்தரங்கு, நேர்காணல் என்று செல்லும் ஒவ்வொரு பயணத்தின் செலவும் அவருடையதே.

நிரந்தரப் பணி கிட்டாதவர்களுக்கு எஞ்சுவது கௌரவ விரிவுரையாளர் பணி. மானியக் குழு 2019-இல் வகுத்த நெறிப்படி ஒரு விரிவுரைக்கு 1500 ரூபாயும், மாதத்துக்கு 50,000 ரூபாய் வரையிலும் வழங்கலாம். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகள் 25,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் ஆயிரக்கணக்கானோரைப் பணியில் வைத்துள்ளன. அப்பணியிலிருந்துகொண்டே கட்டுரைக்குக் கட்டணமும், கருத்தரங்குக்குப் பதிவுத்தொகையும், நேர்காணலுக்குப் பயணச்செலவும் ஒருவர் செலுத்தவேண்டும். 'கௌரவம்' என்ற அடைமொழி இங்கே சம்பளத்தில் ஒரு பகுதியாகவே கணக்கிடப்படுகிறது.

இதற்கும் ஆய்வேட்டின் வாழ்க்கைக் குறிப்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு நேரடியானது. எழுத்தை வேள்வி என்றும் தமிழ்ப்பணியைத் தொண்டு என்றும் வகுப்பறையில் ஐந்தாண்டுகள் கேட்டு வளர்ந்த மாணவர், கட்டணம் கேட்கும் இதழிடம் 'ஏன்' என்று கேட்கக் கூசுகிறார். கருத்தரங்குக்கு அழைக்கப்படும் எழுத்தாளர் பொன்னாடையையும் நினைவுப்பரிசையும் பெற்றுக்கொண்டு, பயணச்செலவைக் கேட்கத் தயங்கித் திரும்புகிறார். அழைத்த பேராசிரியருக்கோ அது உறுத்துவதில்லை. அவருக்கு மாதச் சம்பளம் உண்டு; கருத்தரங்கு நடத்தியதற்கான பயன் அவர் பணிப்பதிவேட்டிலும் சேரும். தியாகத்தைப் போதிப்பவர்கள் பெரும்பாலும் நிரந்தரப் பணியிலிருப்பவர்கள். இதைச் சொன்னால் மனம் புண்படும் என்பது மெய்யே. புண்பட்டபின்னும் கணக்கு மாறாது.

செய்யத்தக்கவை கைக்கெட்டாத உயரத்தில் இல்லை. தமிழ்த்துறைகள் தாம் நடத்தும் இதழ்களிலும் தொகுதிகளிலும் ஊதியமில்லாத மாணவரிடமிருந்து கட்டணம் பெறுவதில்லை என்று துறைக்கூட்டத்தில் ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம். பயணச்செலவு தர இயலாத கருத்தரங்கை நடத்தாமல் இருக்கலாம். அதனால் தமிழுக்கு இழப்பொன்றும் நேராது. நிரந்தரப் பேராசிரியர்களின் சங்கங்கள் தம் கோரிக்கைப் பட்டியலின் முதல் வரியில் கௌரவ விரிவுரையாளரின் ஊதியத்தை வைக்கலாம். எல்லைப்புறத் தமிழ் மாணவர்களின் பணிவாய்ப்புச் சிக்கலை, மொழி மாநாடுகளின் முழக்கங்களுக்கு வெளியே, இரு அரசுகளும் அமர்ந்து பேசும் பொருளாக்க வற்புறுத்தலாம்.

மாணவர்களும் தம் ஆய்வேட்டிலிருந்தே தொடங்கலாம். அடுத்து எழுதும் வாழ்க்கைக் குறிப்பில் விருதுகளின் பட்டியலுக்கு முன் ஒரு பத்தியைச் சேர்க்கலாம். எழுத்தாளரின் வருவாய், அச்சுச்செலவைத் தந்தவர், வேலை தேடிய ஆண்டுகள், வீட்டைத் தாங்கிய மனைவியின் அல்லது கணவரின் உழைப்பு ஆகியவை அதில் இடம்பெறட்டும். நெறியாளர் அதை நீக்கச் சொன்னால் காரணம் கேட்கவேண்டும். வக்கம் மௌலவியின் அச்சகத்தையும் கல்யாணி அம்மாவின் ஆசிரியைச் சம்பளத்தையும் நீக்கிவிட்டுச் சுதேசாபிமானியின் வரலாற்றை எவ்வாறு எழுதுவது என்று அந்நெறியாளர்தான் விளக்கவேண்டும்.