கார் கூரையில் ஒரு படுக்கை அறை!

என் மைத்துனர் ஒரு சின்னக் கார் வைத்திருக்கிறார். மனைவி, இரண்டு குழந்தைகள் அவருக்கு. போன ஆண்டு திடீரென்று ஓர் ஆசை வந்துவிட்டது. கார் கூரையின் மேல் ஒரு பெட்டி செய்து மாட்ட வேண்டும். பெட்டியைத் திறந்தால் அதுவே படுக்கை அறை! கொடைக்கானலுக்குப் போனாலும் சரி, தனுஷ்கோடிக்குப் போனாலும் சரி, அறை தேடி அலைய வேண்டாம். ஏணி வைத்து ஏறினால் தூக்கம்!

"உனக்குப் பைத்தியமா தம்பி?" என்று என் மனைவி கேட்டாள். அக்கா சொல்லி எந்தத் தம்பி கேட்டிருக்கிறான்?

நான் அதைப் பைத்தியம் என்று சொல்லமாட்டேன். நல்ல ஆசை. கோடை விடுமுறையில் மலை ஊர்களில் அறை வாடகை என்ன விலை என்பது குடும்பத்தோடு போய் வந்தவர்களுக்குத் தெரியும். இத்தகைய கூடாரங்கள் கடையிலும் கிடைக்கின்றன. ஆனால் ஒரு லட்சத்துக்கு மேலும் விலை சொல்கிறார்கள். நம்மால் முடியுமா? கை இருக்கிறது, செய்து பார்ப்போம் என்று ஒரு மனிதன் துணிந்தால் அதைக் கெடுக்கக்கூடாது.

ஆனால் எப்படிச் செய்வது? இதில்தான் அவருக்கும் எனக்கும் சண்டை.

கிழக்கு ஜெர்மனியில் நடந்தது

கிழக்கு ஜெர்மனி என்று முன்பு ஒரு நாடு இருந்தது. 1949 முதல் 1990 வரை இருந்தது. அங்கே சாதாரணக் குடும்பத்துக்குக் கிடைத்த கார் டிராபன்ட். சுவிக்காவ் என்ற ஊரில் 1957-ல் செய்யத் தொடங்கினார்கள். பணம் கட்டிவிட்டுப் போய் எடுத்து வரும் கார் அல்ல அது! பெயர் எழுதி வைத்துவிட்டுப் பத்து வருஷம், அதற்கு மேலும் காத்திருக்க வேண்டும். குழந்தை பிறந்ததும் பெயர் எழுதி வைத்தால், குழந்தை பள்ளிக்கூடம் போய்ப் படித்துப் பெரியவனாகும்போது கார் வரும்.

அந்தக் காரில் என்ன இருந்தது? 26 குதிரைச் சக்தி எஞ்சின். மொத்த எடை 600 கிலோவுக்குக் கொஞ்சம் மேல். இரும்புத் தகடு கிடைக்காத காலம். ஆகவே பஞ்சுக் கழிவையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்த தகடுகளால் உடம்பை மூடினார்கள். உள்ளே மட்டும் இரும்புச் சட்டம்.

இந்தக் காரின் தலையில் வீடு கட்ட முடியுமா? கட்டினார்கள்!

விடுமுறை வந்தால் பால்டிக் கடற்கரைக்குப் போவார்கள். ஹங்கேரியில் உள்ள பாலட்டான் ஏரிக்குப் போவார்கள். தங்கும் அறைகள் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. 1970-களில் சாக்சனிப் பகுதியில் ஒரு கைத்தொழிலாளி டிராபன்ட் கூரைக்கு ஏற்ற ஒரு கூடாரம் செய்தார். ஓடும்போது மடிந்து கிடக்கும். நின்றதும் விரியும். ஏற ஓர் ஏணி. ஊரெல்லாம் அதற்கு ஆசைப்பட்டது.

1989 கோடையில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் கூடாரத்தோடு ஹங்கேரிக்குப் போனார்கள். ஊர் சுற்றப் போவதாகச் சொல்லித்தான் போனார்கள். செப்டம்பர் 11-ந் தேதி ஹங்கேரி எல்லையைத் திறந்துவிட்டது. டிராபன்ட் கார்கள் வரிசை வரிசையாக ஆஸ்திரியாவுக்குள் போயின. அது வேறு கதை.

நான் இதை மைத்துனரிடம் சொன்னேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "அந்தச் சோப்பு டப்பாவே தாங்கியது என்றால், என் கார் தாங்காதா அத்தான்?"

அங்கேதான் அவர் ஏமாந்தார். ஜெர்மன்காரன் கூரையில் ஏற்றியது துணி. இவர் ஏற்ற நினைத்தது இரும்பு!

தராசு சொன்ன உண்மை

ஒரு அங்குலச் சதுரக் குழாய் வாங்கினார். 30 மீட்டர். ஒரு மீட்டர் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ. அதுவே 37 கிலோவுக்கு மேல் ஆயிற்று. எட்டடிக்கு நாலடி பிளைவுட் மூன்று. அரை அங்குலப் பலகை ஒன்று 20 முதல் 25 கிலோ இருக்கும். கீல், பூட்டு, மெத்தை எல்லாம் தனி. பட்டறையில் கொடுத்து அழகாகத்தான் செய்திருந்தார். ஜன்னலுக்குத் திரை கூட இருந்தது.

"எடை பார்த்தாயா தம்பி?" என்று கேட்டேன். பார்க்கவில்லை. பழைய இரும்புக் கடைக்குத் தூக்கிப் போனோம். நான்கு ஆள் தூக்கினோம். 116 கிலோ!

காருடன் கொடுத்த கையேட்டை எடுத்துப் பார்த்தோம். கூரையில் ஏற்றக்கூடிய எடை 50 கிலோ என்று போட்டிருந்தது. கேரியரின் எடையும் அதில் சேர்த்தி.

"நாம் இரண்டு பேர் ஏறி நின்றாலே 140 கிலோ. கூரை உடையவில்லையே?" என்றார் அவர். நியாயமான கேள்வி. பல பேர் இதில்தான் குழம்புகிறார்கள். கார் நிற்கும்போது எடை நேராகக் கீழே அழுத்துகிறது. தூண்கள் தாங்கிக்கொள்கின்றன. ஆகவே நிற்கிற கார் கூடுதலாகத் தாங்கும். ஓடுகிற கார் அப்படியா? குறுக்கே ஒரு மாடு வருகிறது. பிரேக்கை மிதிக்கிறீர்கள். கார் நிற்கும், பெட்டி நிற்காது. அது முன்னால் பாயப் பார்க்கும். பலமாக மிதித்தால் 100 கிலோ பெட்டி, எழுபது எண்பது கிலோ விசையில் போல்ட்டுகளை இழுக்கும். கொடைக்கானல் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துப் பாருங்கள். தலை கனத்த கார் வளைவில் வெளிப்பக்கமாகச் சாயும். உள்ளே இருப்பது யார்? உங்கள் குழந்தைகள்!

சட்டமும் இருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. கூரையைக் குடைந்து, வெல்டிங் வைத்து மாட்டும் வேலையே வேண்டாம். கழற்றி மாட்டும் கூடாரமாக இருந்தாலும், முதலில் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் காசைச் செலவழியுங்கள்.

மைத்துனர் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு அவரே வந்தார். "துணியிலேயே செய்கிறேன் அத்தான்" என்றார்.

இரும்புக்குப் பதில் அலுமினியம். எடை மூன்றில் ஒரு பங்குதான். மூன்று பலகைக்குப் பதில் மெல்லிய பலகை ஒன்று. அதை இரண்டாக வெட்டிக் கீல் வைத்தார். விரித்தால் வெளியே நீளும் பாதியை ஏணியும் இரண்டு கால்களும் தாங்கும். மேலே கித்தான். அதை என் மனைவிதான் தைத்துக் கொடுத்தாள். பைத்தியம் என்று சொன்ன அதே அக்காதான்! மறுபடியும் தராசு. கேரியரோடு 47 கிலோ.

இதிலும் எனக்கு ஒரு சண்டை பாக்கி இருந்தது. இரண்டு பேர்தான் மேலே படுக்கலாம். குழந்தைகள் மேலே, நாங்கள் கீழே என்றார். நான் விடவில்லை. தூக்கத்தில் உருளும் பிள்ளையை ஆறடி உயரத்தில் தனியாக விடுவதா? மேலே ஒரு பெரியவர், ஒரு குழந்தை. கீழே சீட்டை மடித்து அப்படியே இன்னும் இரண்டு பேர். கூடாரத்துக்குள் அடுப்பு கூடாது, கரி கூடாது. குளிருக்குக் கரி மூட்டிப் படுத்தவர்கள் விடியும்போது எழுந்திருக்காத செய்தியைப் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். அந்த விஷப் புகைக்கு வாசனை கிடையாது. துணி ஜன்னலை முழுக்க மூடவும் கூடாது. காற்றுப் போகவேண்டும். இல்லாவிட்டால் மூச்சு நீர்த்துளியாகிப் படுக்கையை நனைத்துவிடும். தென்னை மரத்தடியில் காரை நிறுத்தாதீர்கள். யானை நடமாடும் காட்டில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

பொங்கல் விடுமுறையில் தனுஷ்கோடிப் பக்கம் போய் வந்தார்கள். இரவில் ராமேஸ்வரத்தில், தெரிந்தவர் ஒருவர் வீட்டு வாசலில்தான் காரை நிறுத்தினார்கள். சின்னவள் இரவு முழுதும் தூங்கவில்லையாம். நட்சத்திரம் எண்ணினாளாம்.

116 கிலோ பெட்டி மைத்துனர் வீட்டுக் கொல்லையில் இருக்கிறது. ஆறு கோழிகள் அதில் குடியிருக்கின்றன. ஜன்னல் திரையை மட்டும் தங்கை கழற்றிக்கொண்டாள்.