கரையில்லாத ஊரில் ஒரு பாய்மரப்படகு

பதினான்கு அடி நீளம், கண்ணாடியிழை உடம்பு. பாய்மரத்தைக் கழற்றிப் படகின் மேலேயே படுக்க வைத்துக் கட்டிவிடலாம். நடுப்பலகையை மேலே இழுத்துக்கொண்டால் முழங்கால் தண்ணீரில்கூட மிதக்கும். சின்ன டிரெய்லரில் ஏற்றி காருக்குப் பின்னால் மாட்டி வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தலாம். காலையில் கடலில் இறக்கி, கரையை ஒட்டியே ஓட்டி, பொழுது சாய்வதற்குள் திரும்ப ஏற்றிவிட வேண்டியதுதான். யாரோ இரண்டு கை மாற்றிய படகு. விலை ஒரு நல்ல பைக்கை விடக் குறைவு. காசைக்கூடப் புரட்டிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் உறைத்தது. நான் இருப்பது திருவொற்றியூர். வீட்டிலிருந்து பத்து நிமிஷம் நடந்தால் கடல். ஆனால் இந்தப் படகை எங்கே இறக்குவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் ஆரம்பித்து எண்ணூர் தாழங்குப்பம் வரை பைக்கில் போய்ப் பார்த்தேன். ஒரு பக்கம் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள், மறுபக்கம் கருங்கல். கல்லுக்கு அந்தப் பக்கம் கடல் இருக்கிறது என்பது சத்தத்தில்தான் தெரிகிறது. கடலுக்குள் நீட்டிக் கொட்டிய கல் வரிசைகளுக்கு நடுவே அங்கங்கே கொஞ்சம் மணல் ஒதுங்கியிருக்கிறது. அந்த மணலிலும் ஃபைபர் போட்டுகளும் வலைகளும் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. அது தொழில் செய்கிறவர்களின் இடம், மிச்சம் இருக்கிற ஒரே இடம். அங்கே போய் என் பொழுதுபோக்குப் படகை நிறுத்த எனக்கு வெட்கமாக இருந்தது.

வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

"பெரிப்பா, இங்க ஒரு சின்னப் படக எறக்க எடம் கெடைக்குமா?"

"இன்ஜினா?"

"இல்ல பெரிப்பா, பாய்."

சிரித்துவிட்டார். "நாங்க பாய் வச்சி போவும்போது மண்ணு இருந்துச்சிப்பா. இப்ப இன்னா கீது? கல்லுதான் கீது. கல்லு மேல எப்பிடி எறக்குவே?"

அந்த மண் எங்கே போனது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. நம் கரையில் மணல் ஓரிடத்தில் நிற்காது. வருஷக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல்தான் அதிகம். 1870களில் மெட்ராஸ் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் சுவர் நீட்டத் தொடங்கினார்கள். மணல் அதில் முட்டி நின்றது. தெற்குப் பக்கம் குவிந்து குவிந்து மெரினா அகலமானது. வடக்குப் பக்கம் வரவேண்டிய மணல் வராததால் ராயபுரத்தைக் கடல் தின்ன ஆரம்பித்தது. சாயங்காலம் மெரினாவில் சுண்டலோடு உட்கார்ந்து காற்று வாங்குகிறோமே, அந்த மணலில் பெரும்பகுதி ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் வந்திருக்க வேண்டியது. ஊருக்கு மெரினாவைக் கொடுத்துவிட்டு வடசென்னை கருங்கல்லை வாங்கிக்கொண்டது. யாரும் கேட்டு வாங்கவில்லை என்பது வேறு விஷயம். பிறகு 2001இல் எண்ணூர்த் துறைமுகம், அதையடுத்துக் காட்டுப்பள்ளி. ஒவ்வொரு சுவருக்கும் வடக்கே ஏதோ ஒரு குப்பம் இருக்கத்தான் செய்கிறது.

இந்தக் கதையைச் சொன்னதும் நண்பர்கள் சிலர் ஒரு பெருமையை எடுத்து நீட்டுகிறார்கள். "கேட்டமரன்னு உலகமே சொல்லுதே, அது நம்ம வார்த்தை தெரியுமா?" தெரியும். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் வில்லியம் டேம்பியர் என்ற ஆங்கிலக் கடலோடி சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். 1876இல் அமெரிக்காவில் ஹெரஷாஃப் என்பவர் இரண்டு உடல்களைச் சேர்த்து ஒரு படகு கட்டிப் பந்தயத்தில் மற்றவர்களை மண்ணைக் கவ்வ வைத்தார். இன்று உலகம் கேட்டமரன் என்று சொல்வது அந்த இரட்டை உடல் படகு வகையைத்தான். அந்த வடிவத்தின் மூதாதைகள் பசிபிக் தீவுக்காரர்களின் படகுகள். நம்முடையது கட்டைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டிய மரம். ஆக, பெயர் நம்முடையது, படகு வேறு யாருடையதோ. இதற்கு இத்தனை வாட்ஸப் ஃபார்வர்டு!

பெருமைப்பட வேண்டிய விஷயம் வேறு இருக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை. கட்டுமரத்துக்குத் துறைமுகம் வேண்டாம். ஜெட்டி வேண்டாம், கிரேன் வேண்டாம். அலை வந்து உடையும் வெறும் மணலில் தள்ளி இறக்கலாம். தண்ணீர் உள்ளே நிற்காது, ஏனென்றால் உள்ளே என்று ஒன்றே கிடையாது. கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்து, கட்டை கட்டையாகத் தோளில் தூக்கிவந்து வெயிலில் காயப்போடலாம். விடியும் முன் நிலத்திலிருந்து வீசும் காற்றைப் பிடித்து வெளியே போவார்கள், மத்தியானம் கடற்காற்று எழுந்ததும் அதே பாயில் கரைக்கு வருவார்கள். இன்றைக்கு 'டே செய்லிங்' என்று எதை விற்கிறார்களோ அதன் கால அட்டவணை அப்படியே இதுதான். கழற்றி எடுத்துப்போகும் படகு, கரையோரப் பகல் பயணம், எல்லாம் ஏற்கனவே இங்கே இருந்தது. வயிற்றுப்பாட்டுக்காகச் செய்தார்கள் என்பதால் அதற்கு யாரும் ஸ்டைலாகப் பெயர் வைக்கவில்லை.

இன்ஜின் வந்தது, ஃபைபர் வந்தது, 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாகவே ஃபைபர் போட்டுகள் வந்து குவிந்தன. கட்டுமரம் ஒதுங்கியது. அதில் எனக்குப் புகார் இல்லை. உயிரைப் பணயம் வைத்துத் தொழிலுக்குப் போகிறவர் 'மரபு' காப்பாற்றுவதற்காகத் துடுப்பு போட வேண்டும் என்று ஏசி ரூமில் உட்கார்ந்து சொல்ல நான் யார்? என் புகார் மணலைப் பற்றித்தான்.

அடுத்து வருவது அந்த வழக்கமான கேள்வி. பாய்மரப்படகு பணக்காரன் விளையாட்டுதானே? ஆமாம், இன்றைக்கு அப்படித்தான். 1911இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் துறைமுக வேலிக்கு உள்ளே இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன பாய்மரப்படகு வீரர்கள் 4 பேர். அதில் நேத்ரா குமணன், கே.சி. கணபதி, வருண் தக்கர் மூவரும் சென்னைக்காரர்கள். சந்தோஷம்தான், கைதட்டினேன். நேத்ரா ஓட்டிய லேசர் ரேடியல் வகைப் படகின் உடல் 60 கிலோகூட வராது, இரண்டு பேர் தூக்கிவிடலாம். அதற்குத் தேவையானதெல்லாம் கொஞ்சம் மணல். அந்த மணல் எல்லோருக்கும் இருந்தால் அது பணக்காரன் விளையாட்டாக மட்டும் இருக்காது. கேட் வழியாக மட்டுமே கடலுக்குள் போக முடியும் என்றால், கேட்பாஸ் உள்ளவன் விளையாட்டாகத்தான் இருக்கும். படகின் விலையை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரிவதில்லை. தெற்கே ஈசிஆர் பக்கம் போங்கள். முட்டுக்காட்டில் படகு, கோவளத்தில் அலைச்சறுக்கு. ஒரே கடல்தான், ஆனால் அங்கே அது ஜாலி, இங்கே அது குடோன்.

இன்னொரு எதிர்ப்பும் உண்டு, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. "2017 ஜனவரியில் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டுச்சு, வாளில அள்ளுனோம். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட ஆத்துல எண்ணெய் வந்து வலையெல்லாம் போச்சு. அதே மாசம் அமோனியா. கொசஸ்தலை முகத்துவாரத்துல சாம்பல். இதுக்கு நடுவுல உனக்கு பாய்மரப்படகு கேக்குதா?"

கேட்கிறது. ஏன் என்று சொல்கிறேன். எண்ணெய் கொட்டினால் வலைக்குக் கணக்கு போடுவார்கள், போட்டுக்குக் கணக்கு போடுவார்கள், பிடிபடாத மீனுக்குக்கூட அரைகுறையாக ஒரு கணக்கு வரும். அதுவும் போராடினால்தான், அது முதலில் வரட்டும். ஆனால் எர்ணாவூரில் பிறந்த ஒரு பிள்ளைக்குக் கடலில் கால் நனைக்க இடமில்லாமல் போனது எந்தக் கணக்கிலும் வருவதில்லை. இங்கே யாருக்கும் கடலோடு சந்தோஷம் என்று ஒன்று இருந்ததாகவே எந்தக் கோப்பிலும் இல்லை. இல்லாததாக எழுதிவைத்த ஒன்றை எடுத்துக்கொள்வது ரொம்ப சுலபம். நஷ்டஈடும் தேவையில்லை. தொழிற்சாலைக்காரர்கள் மட்டுமில்லை, நமக்காகப் போராடுகிற நாமும்கூட 'வாழ்வாதாரம்' என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோம். வடசென்னைக்காரன் பிழைக்க மட்டும் பிறந்தவனா?

நான் கேட்பது பெரிய திட்டம் இல்லை. மரினா, ரிசார்ட், கண்ணாடி உணவகம் எதுவும் வேண்டாம், தயவுசெய்து. அவை வந்தால் முதலில் காலிசெய்யச் சொல்வது குப்பத்தைத்தான். திருவொற்றியூர் குப்பத்தில் சூரை மீன்பிடித் துறைமுகம் கட்டியிருக்கிறார்கள். அலை அடங்கிய தண்ணீர் அங்கே இருக்கிறது. அதன் ஒரு ஓரத்தில் நாலு மீட்டர் அகலத்துக்கு ஒரு சாய்தளம், டிரெய்லர் திரும்பக் கொஞ்சம் இடம், கட்டணம் இல்லை, அடையாள அட்டை இல்லை. நேரத்தையும் விதியையும் அந்த ஊர்க்காரர்களே முடிவு செய்யட்டும். அவர்கள் படகு வரும்போது என் படகு ஒதுங்கி நிற்கும். பாய் கட்டத் தெரிந்த கடைசித் தலைமுறை இன்னும் அங்கே வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை வாடைக்காற்றில் கடலுக்குப் போகக்கூடாது என்பதில் தொடங்கி எவ்வளவோ சொல்லித்தர அவர்களிடம் இருக்கிறது, சம்பளம் கொடுத்துக் கேட்டால்.

படகுக்காரர் போன வாரமும் போன் செய்தார். வேறொருவர் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம், கோவளத்துக்காரர். "நீங்க எடுக்குறீங்களா, இல்ல அவருக்குக் குடுத்துடவா சார்?" என்றார். பத்து நாள் டைம் கேட்டிருக்கிறேன்.