நாய் குரைக்காத ராத்திரி

நடவு முடிஞ்சு களை எடுக்க இன்னும் நாள் இருக்கு, அதனால இந்த வாரம் வயலைப் பத்தி எழுதல. பேய்ப் படம் பத்தி எழுதப் போறேன். சிரிக்காதீங்க. ஐம்பது தாண்டியும் எனக்குப் பேய்ப் படம்னா உசுரு. முறைத் தண்ணிக்காக ராத்திரி மடைக்குக் காவல் இருக்குறப்போ போன்ல பார்ப்பேன்.

போன வாரம் மறுபடியும் பார்த்தது ‘30 டேஸ் ஆஃப் நைட்’. 2007ல வந்த படம். ஸ்டீவ் நைல்ஸ் கதை எழுதி, பென் டெம்பிள்ஸ்மித் படம் வரைஞ்சு 2002ல வந்த காமிக்ஸ்தான் மூலம். அலாஸ்காவுல பாரோன்னு ஒரு ஊர். அங்க குளிர்காலத்துல ஒரு மாசம் சூரியன் வராது. (நிஜத்துல ரெண்டு மாசத்துக்கு மேலயே வராதாம்.) ரத்தக்காட்டேரிக்கு எதிரி வெயில்தான். வெயிலே இல்லாத ஊர்னா? அறுத்த வயல்ல வாத்து இறங்குற மாதிரி கூட்டமா இறங்கிடுதுங்க.

என்னைப் பயமுறுத்தினது அதுங்க பல்லு இல்லீங்க. அதுங்க வர்றதுக்கு முன்னாடி ஒருத்தன் வந்து செய்யுற வேலைதான். போனையெல்லாம் எரிக்கிறான். ஹெலிகாப்டரை நாசம் பண்றான். ஊர் நாய்ங்களைக் கொல்றான். கிராமத்தான் எனக்கு அந்த இடத்துலயே புரிஞ்சுபோச்சு. நாய் குரைக்காத ஊர்ல யாரு வந்தாலும் தெரியாது.

2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்போ நாங்க அப்படித்தான் கிடந்தோம். வேதாரண்யம் பக்கம் பட்ட பாட்டைப் பார்த்தா எங்க பக்கம் குறைச்சல்தான். ஆனாலும் எங்க தெருவுல கரண்ட் இல்ல, போன்ல டவர் இல்ல. ரெண்டாம் நாள் ராத்திரி எங்க அம்மாவுக்கு மூச்சு இழுத்துச்சு. ரோட்டுக்குக் குறுக்கே பூவரச மரம் விழுந்து கிடக்கு. நாலு பேரு அருவாளோட கிளையை வெட்டித்தான் வண்டியை வெளியில எடுத்தோம். அம்மா பிழைச்சுட்டாங்க. அன்னைக்கு எனக்குக் காட்டேரி பயம் துளியும் இல்ல. கூப்பிட்டா யாரும் வரமாட்டாங்களேங்கிற பயம்தான். படத்துல மறதி பிடிச்ச பெரியவர் ஒருத்தர் இருட்டுல வெளியில போயிடுவார், மகன் அவரைத் தேடிப் பின்னாடியே போவான். அந்த இடத்துல போனை நிறுத்திட்டு கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

குறையும் இருக்கு. முப்பது நாள்னு பேரு, ஆனா முப்பது நாள் போனதே தெரியல. ஒளிஞ்சு கிடக்குறவங்களுக்குத் தாடி வளரல, பசியில மூஞ்சி வத்தல. திடீர்னு ஏழாம் நாள்ங்கிறான், பதினெட்டாம் நாள்ங்கிறான். ஒரு ராத்திரி இருட்டே எவ்வளவு நீளம்னு தெரிஞ்சவன் இதை ஒத்துக்கமாட்டான்.

ஆனா முடிவு அருமை. (பார்க்காதவங்க இதோட நிறுத்திக்குங்க.) பொண்டாட்டியையும் மிச்சம் இருக்குற சனத்தையும் காப்பாத்த, போலீஸ்காரன் காட்டேரியா மாறினவனோட ரத்தத்தை ஊசியில தனக்கே ஏத்திக்கிறான். பேயா மாறிப் பேயை அடிக்கிறான். விடிஞ்சதும் பொண்டாட்டி மடியில சாம்பலாப் போறான்.

வெள்ளைக்காரன் இதைப் புதுசுன்னு நினைக்கலாம். அழகு வேண்டாம், பேய் உருவம் கொடுன்னு சிவன்கிட்ட கேட்டு வாங்கின அம்மையாரோட ஊரு எங்க காரைக்கால். அவங்க கேட்டது பக்தியில, இவன் எடுத்தது பாசத்துல. ரெண்டு பேருமே தெரிஞ்சேதான் பேய் ஆனாங்க. எங்க ஊர்ல அப்படிப்பட்ட பேயைப் பார்த்து யாரும் ஓடுறது இல்ல. ஆனி மாசம் மாங்கனித் திருவிழா எடுத்து மாம்பழம் இறைக்கிறோம்.

படத்தை ஒரு தடவை பாருங்க. பார்த்துட்டு, உங்க தெரு நாய்க்கு ஒரு பிடி சோறு வைங்க.