பெயர் பதித்த பெருநாள் பரிசு

பெயர் பொறித்த சாவிவளையங்களைக் கடையில் காணும்போதெல்லாம் என் பெயரைத் தேடுவேன். ஒருநாளும் கிடைத்ததில்லை. சென்ற நோன்புப் பெருநாளுக்கு அப்படி ஒன்றைப் பொலிமர் களியில் நானே செய்தேன், எனக்கல்ல, உம்மும்மாவுக்கு.

"படிக்கிற பிள்ளைக்கு இது என்ன விளையாட்டு?" என்றார் வாப்பா. அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. களி மலிவானதல்ல, நேரமும் பிடிக்கும். பெயர்தான் களி, உண்மையில் இது மண்ணல்ல, பீ.வீ.சீ. சேர்ந்த ஒருவகைப் பிளாஸ்டிக். காற்றில் இறுகாது. பக்கற்றில் குறித்துள்ளபடி, பெரும்பாலும் 110 முதல் 130 பாகை செல்சியஸ் வரை, கேக் சுடும் அவனில் சூடாக்க வேண்டும். கருகினால் நச்சுப்புகை வரும். ஆகவே பெரியவர்கள் அருகில் இருக்க, யன்னலைத் திறந்துவைத்தே செய்ய வேண்டும். பயன்படுத்திய தட்டும் கத்தியும் மீண்டும் சமையலுக்கு ஆகா.

இத்தனை இருந்தும் செய்யலாம் என்பதே என் கருத்து. களியை உருட்டி எழுத்தாக்க உட்கார்ந்தபோது, உம்மும்மாவின் பெயரைச் சரியாக எழுதக்கூட எனக்குத் தெரியவில்லை. நான் அறிந்தது 'உம்மும்மா' என்பதை மட்டுமே! வெட்கத்தோடு அவரிடமே போய்க் கேட்டேன். அந்தப் பெயரை வைத்தது யார், ஐந்தாம் வகுப்போடு படிப்பு ஏன் நின்றது என்று பின்னேரம் முழுவதும் பேசினார். அதுவரை எங்களில் எவரும் அவரிடம் கேட்டதில்லை.

இன்று அவரது அலுமாரிச் சாவியில் அந்தப் பெயர் தொங்குகிறது. ஓர் எழுத்து சற்றுக் கோணல்தான்.

தோழியரே, வரும் பெருநாளுக்குப் பத்துப் பேருக்கு வேண்டாம், ஒருவருக்குச் செய்யுங்கள். களி வாங்குமுன் அவர் பெயரை அவரிடமே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.