எண்ணிக்கையை விட்டுத் தொடுமுனையைப் பாருங்கள்

ஒருமுறை அழுத்தினால் இருமுறை அடிக்கிறது, இழுத்துக்கொண்டு போகும் கோப்பு பாதி வழியில் விழுந்துவிடுகிறது என்று மவுஸோடு வாடிக்கையாளர் வரும்போது நம் கடைகளில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. புது மவுஸ் வாங்கச் சொல்லி அனுப்பிவிடுகிறோம். அல்லது, இருப்பதிலேயே பெரிய எண் போட்ட சுவிட்சை எடுத்து மாற்றிக் கொடுக்கிறோம். முதலாவது பல நேரம் தேவையில்லாத செலவு. இரண்டாவது நல்ல வேலைதான். ஆனால் அதில் நாம் நம்பும் அளவுகோல் சரியில்லை.

அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். ஓம்ரானின் டி2எஃப்சி வகை சுவிட்ச்கள் 10 மில்லியன், 20 மில்லியன், 50 மில்லியன் அழுத்தம் என்று விற்பனைக்கு வருகின்றன. கைல் நிறுவனத்தின் ஜிஎம் 8.0 சுவிட்சுக்கு 80 மில்லியன். ஒருவர் நாளொன்றுக்கு 5,000 முறை அழுத்துகிறார் என்று வைத்துக்கொண்டால் 20 மில்லியனை எட்ட 4,000 நாள், ஏறக்குறைய 11 ஆண்டு ஆகும். ஆனால் நம் மேசைக்கு வரும் மவுஸ்களில் பல இரண்டு மூன்று ஆண்டுகூட ஓடாதவை. இவற்றில் பலவற்றின் உள்ளே இருக்கும் தகட்டு வில் நன்றாகவே துள்ளுகிறது. அழுத்தினால் 'டிக்' ஓசையும் தெளிவாகக் கேட்கிறது. தேய்மானம் மட்டும் காரணம் என்றால் இப்படி இருக்காது.

பழுது பெரும்பாலும் தொடுமுனையில் இருக்கிறது. வெள்ளித் தொடுமுனையின் மேல் காற்றிலுள்ள கந்தகமும் ஈரமும் சேர்ந்து மெல்லிய படலம் கட்டும். அதிக மின்னோட்டம் போகும் சுவிட்சில் ஒவ்வொரு இணைப்பின்போதும் எழும் சிறு பொறி அந்தப் படலத்தை எரித்துவிடும். மவுஸில் அதற்கு வழியில்லை. அங்கே ஓடுவது மிகச் சிறிய மின்னோட்டம். பேட்டரியை மிச்சப்படுத்த வடிவமைத்த வயர்லெஸ் மவுஸில் அதுவும் குறைவு. படலம் தடித்தால் இணைப்பு விட்டு விட்டு வரும். எந்த சுவிட்சும் மூடும்போது சில மில்லி விநாடி துள்ளத்தான் செய்யும். அதைப் பொறுத்துக்கொள்ளும்படிதான் மவுஸின் ஃபர்ம்வேர் எழுதப்பட்டிருக்கிறது. துள்ளல் அந்த அவகாசத்தைத் தாண்டினால் ஒரு கிளிக் இரண்டாகிவிடும்.

இந்த இடத்தில் ஓம்ரானின் டி2எஃப்-01எஃப் நமக்கு நல்ல பாடம். டி2எஃப் வரிசைக்கு உற்பத்தியாளர் தரும் இயந்திர ஆயுள் உறுதி 10 லட்சம் அழுத்தம் மட்டுமே. எண்ணை மட்டும் பார்த்தால் யாரும் தொடமாட்டார்கள். ஆனால் '01' என்ற குறியீடு சிறு மின்னோட்டத்துக்கென்றே தங்கக் கலவைத் தொடுமுனை வைத்த வகையைக் குறிக்கிறது; 5 வோல்ட்டில் 1 மில்லி ஆம்பியர் வரை இறங்கி வேலை செய்யும் என்று தரவுத்தாள் சொல்கிறது. அனுபவமுள்ள கைகள் இதைத் தேடி வாங்குவதற்குக் காரணம் அதுதான். சுவிட்ச் வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியவை இரண்டு: தொடுமுனை எந்த உலோகம், குறைந்தபட்ச மின்சுமை எவ்வளவு? எத்தனை மில்லியன் என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

மாற்றுவதற்கு முன் கண்டறிவது இன்னும் முக்கியம். வேறொரு கணினியில் செருகிப் பாருங்கள். மேல் ஓட்டைக் கழற்றிவிட்டு சுவிட்சை நேராக அழுத்துங்கள். அப்போது பழுது மறைந்தால் குற்றம் ஓட்டில். பட்டனின் அடிமுளை சுவிட்சை எப்போதும் லேசாக அழுத்திக்கொண்டோ, தேய்ந்து எட்டாமலோ இருக்கும். கால்களின் ஈயப் பற்றில் விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். கான்டாக்ட் கிளீனர் தெளித்தவுடன் சரியாகிவிட்டால் படலம்தான் காரணம் என்பது பெருமளவு உறுதி. அதைச் சோதனையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தெளித்துவிட்டு முழுக் கட்டணம் வாங்குவது நம் தொழிலுக்கு அழகில்லை; சில வாரங்களில் அதே மவுஸ் திரும்பி வரும்.

வேலை செய்யும் முறையில் சில சொல்ல வேண்டும். திருகுகள் பெரும்பாலும் அடியிலுள்ள டெஃப்லான் பட்டைகளுக்குக் கீழே ஒளிந்திருக்கும். இளஞ்சூடு காட்டி உரித்தால் மறுபடி ஒட்டலாம். ஈயமில்லாப் பற்று உருக ஏறக்குறைய 217 டிகிரி வேண்டும். 63/37 ஈயத்தை அதன் மேல் கொஞ்சம் சேர்த்தால் உருகுநிலை இறங்கும், போர்டின் செப்புத் தடமும் உரியாமல் தப்பும். பிளஞ்சர் எந்தப் பக்கம் இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். சில மவுஸ்கள் துள்ளலைத் தவிர்க்க மூன்று கால்களையும் பயன்படுத்துகின்றன. சில சுவிட்ச்களிலோ மூன்றாவது கால் வெறும் ஊன்றுகோல். ஆகவே போர்டில் தடத்தைப் பின்தொடர்ந்து பார்த்துவிட்டே சுவிட்சைத் தேர்ந்தெடுங்கள். ஃப்ளக்ஸ் சுவிட்சுக்குள் வழிந்தால் புதுப் பழுதை நாமே உண்டாக்கியவர்கள் ஆவோம்.

உற்பத்தியாளர்களிடமும் நமக்குக் கோரிக்கை உண்டு. 2014இல் வந்த ஆசுஸ் ஆர்ஓஜி கிளேடியஸ் மவுஸில் பற்றவைக்காமலே சுவிட்சைக் கழற்றி மாட்டும் சாக்கெட் இருந்தது. 2019இல் ரேசர் வைப்பர் ஒளிக்கதிரால் இயங்கும் சுவிட்சுடன் வந்து உலோகத் தொடுமுனையையே தவிர்த்தது. வழி இருக்கிறது என்பதை இவை காட்டிவிட்டன. விலை குறைந்த மவுஸிலும் சாக்கெட் வேண்டும். சுவிட்சின் மாதிரி எண்ணும் மின்சுமையும் கையேட்டில் அச்சாக வேண்டும். இந்தியாவின் 2022ஆம் ஆண்டு மின்கழிவு விதிகள் கணினியோடு அதன் உள்ளீட்டுக் கருவிகளையும் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. ஒரு சிறு தொடுமுனைக்காக முழு மவுஸும் அந்தக் கழிவில் சேர்வதைத் தடுக்கும் திறமை நம்மிடம் இருக்கிறது.

அந்தத் திறமைக்கு ஆதாரமும் சேர வேண்டும். மாற்றும் ஒவ்வொரு மவுஸுக்கும் ஒரு வேலைச் சீட்டு எழுதுங்கள்: மாதிரி, கண்ட பழுது, பழைய சுவிட்ச், புதிய சுவிட்ச், தேதி. திரும்பி வந்தால் அதையும் குறியுங்கள். எந்த சுவிட்ச் எந்த போர்டில் நிலைக்கிறது என்பதை அப்போது நம் ஏடுகளே சொல்லும். விளம்பர எண்ணை நம்பி வாங்க வேண்டிய தேவை நமக்கு இருக்காது.