ரிப்போர்ட் மட்டும் போதுமா?

கம்ப்யூட்டரும் இன்டர்நெட்டும் இருந்தால் எந்த வேலையையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்கிறார்கள். கணக்கு எழுதுபவருக்கு இது சரி. சமூகப் பணியாளர்களுக்கு? 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அவர்களில் பலர் போனிலும் கம்ப்யூட்டரிலும்தான் மக்களைத் தொடர்பு கொண்டார்கள். அந்தப் பழக்கம் முழுவதும் போய்விடவில்லை. இதில் ஒரு பெரிய குறை இருப்பதாக நான் நினைக்கிறேன்.

கணவனிடம் அடி வாங்கும் பெண், பள்ளியை விட்டு நின்ற சிறுவன், குடியால் சிதைந்த குடும்பம் என்று ஒரே நாளில் பல கதைகளைக் கேட்பவர் சமூகப் பணியாளர். அலுவலகத்தில் இருந்தால் போனை வைத்ததும், "இதற்கு என்ன செய்யலாம் அக்கா?" என்று பக்கத்து மேஜையில் கேட்டுவிடலாம். வீட்டில் அந்த அக்கா இல்லை. கேட்டதை மனசில் வைத்துக்கொண்டே அடுப்படிக்குப் போக வேண்டியதுதான்.

எங்கள் கண்டமங்கலம் பகுதியில் இது இன்னும் சிக்கல். ஒரு ஊர் விழுப்புரம் மாவட்டம், அடுத்த ஊர் புதுச்சேரி. எந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவது, எந்த அதிகாரியைப் பார்ப்பது என்பது அனுபவசாலிக்குத்தான் தெரியும். புதிதாக வேலைக்கு வந்த பெண் யாரிடம் கேட்பார்? மேலிடம் அவரிடம் கேட்பதோ மாலைக்குள் எக்ஸெல் ரிப்போர்ட்!

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி பக்கத்திலேயே இருந்தது. 1998-ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடாவின் ஐ.டி.ஆர்.சி. அமைப்பின் உதவியுடன், வில்லியனூரைத் தலைமை மையமாக வைத்து கிராமத் தகவல் மையங்களைத் தொடங்கியது. ஏம்பலம், வீராம்பட்டினம் போன்ற ஊர்களில் உள்ளூர்த் தன்னார்வலர்கள் கம்ப்யூட்டரை இயக்கினார்கள். அவர்களில் பெண்கள் பலர். கரன்ட் போனால் சோலார் பேனல் கைகொடுத்தது. டெலிபோனை நம்ப முடியாததால் வயர்லெஸ் ரேடியோ வைத்தார்கள். அதில் தகவலும் போகும், பேச்சும் போகும். அவர்கள் கொடுத்தது விலை நிலவரம், கடல் அலை உயரம் போன்ற தகவல்கள்தான். ஆனாலும் கிராமத்தில் தனியாக உட்கார்ந்திருந்தவர் கூப்பிட்டால் பதில் சொல்ல வில்லியனூரில் ஆள் இருந்தது. இன்று எல்லோர் கையிலும் மொபைல் இருந்தும் இந்த ஏற்பாடு பல இடங்களில் இல்லை.

என் யோசனைகள் எளிமையானவை. தினமும் அரை மணி நேரம் குழுவாகப் பேசுங்கள். அதில் ரிப்போர்ட் பற்றிப் பேச்சே கூடாது. இருவர் இருவராகச் சேர்ந்து, கஷ்டமான கேஸ் முடிந்ததும் உடனே ஒருவரை ஒருவர் அழைக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நேரத்தையும் வேலை நேரமாகவே நிர்வாகம் கணக்கிட வேண்டும்.

"இருக்கிற வேலைக்கே நேரமில்லை" என்பார்கள். மனம் சோர்ந்து ஒருவர் விலகிப் போனால், அந்தக் குடும்பங்கள் தங்கள் கதையைப் புதியவரிடம் முதலிலிருந்து சொல்ல வேண்டும். எத்தனை பேர் சொல்வார்கள்?

ஒரு எச்சரிக்கை. ஆலோசனை கேட்கும்போது பெயர், போட்டோ எதையும் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். சட்டச் சிக்கலில் உள்ள அல்லது பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவின்படி குற்றம்.

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வாசகர்களே, உங்கள் வீட்டில் சமூகப் பணியாளர் யாராவது இருந்தால் அவருக்கென்று தனி யூசர் அக்கவுன்ட், பாஸ்வேர்டு போட்டுக் கொடுங்கள். எழுந்து போகும்போது விண்டோஸ் கீயுடன் எல் கீயை அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். ஒரு ஹெட்போனும் அவசியம். அவர் பேசும் நேரத்தில் அறைக் கதவைச் சாத்திவிட்டு டிவி சத்தத்தைக் குறையுங்கள். குழுவிடமும் சொல்ல முடியாத பாரம் இருந்தால், 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் இலவச எண் 14416-ஐ அவரும் அழைக்கலாம். அடுத்தவர் பாரத்தைக் கேட்பவருக்கும் அந்த உரிமை உண்டு.