டிராக்டர் பெயரில் டாங்கி, சினிமா கம்பெனியில் கடற்படை பணம்... ஜெர்மனி ரகசியமாக ஆயுதம் சேர்த்தது எப்படி?

உக்ரைன் மீது ரஷ்யா படையெடுப்பதற்கு முந்தைய நாள், 2022 பிப்ரவரியில், ஜெர்மனியின் ரைன்மெட்டால் ஆயுத நிறுவனத்தின் ஒரு பங்கு 100 யூரோவுக்கும் கீழேதான் இருந்தது. 2025 மார்ச்சில் அதே பங்கு 1,000 யூரோவைத் தாண்டிவிட்டது. அதே மாதம், ராணுவச் செலவுக்குக் கடன் வாங்குவதில் இருந்த கட்டுப்பாட்டைத் தளர்த்த ஜெர்மனி தன் அரசியலமைப்பையே திருத்தியது.

ஜெர்மனி ஆயுதம் சேர்க்கிறது என்றாலே ஒரு பழைய கதையும் கூடவே பேச்சுக்கு வரும். அந்தக் கதையிலும் ரைன்மெட்டால் உண்டு. ஒரே வித்தியாசம், இப்போது எல்லாம் நாடாளுமன்றத்தில் ஓட்டெடுப்பு நடத்தி வெளிப்படையாக நடக்கிறது. அன்றைக்கு அப்படி இல்லை.

என்ன தடை இருந்தது?

முதல் உலகப்போரில் தோற்ற ஜெர்மனி 1919 ஜூன் 28-ல் வெர்சாய் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. தரைப்படையில் 1 லட்சம் பேருக்கு மேல் இருக்கக்கூடாது. டாங்கி, நீர்மூழ்கிக் கப்பல், போர் விமானம், விஷவாயு எதுவும் கூடாது. ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க நேச நாடுகளின் கண்காணிப்புக் குழுவும் 1927 வரை அங்கே இருந்தது.

பலரும் நினைப்பதுபோல இந்த ஏமாற்று வேலையை ஆரம்பித்தது ஹிட்லர் இல்லை. அவர் ஆட்சிக்கு வந்தது 1933-ல். அதற்குப் பத்து வருஷத்துக்கு முன்பே, ஜனநாயக அரசு இருந்த காலத்திலேயே, ராணுவமும் ஆலை முதலாளிகளும் கைகோர்த்துவிட்டார்கள்.

உள்ளூரில் முடியாதா? வெளிநாட்டுக்குப் போ!

வழி ரொம்ப எளிமையானது. ஜெர்மனிக்குள் செய்யத்தானே தடை? குரூப் உள்ளிட்ட கப்பல் கட்டும் நிறுவனங்கள் 1922-ல் நெதர்லாந்தில் ஒரு 'கப்பல் வடிவமைப்பு அலுவலகம்' திறந்தன. வடிவமைத்தது நீர்மூழ்கிகளை. அந்த வரைபடங்களை வைத்து பின்லாந்திலும் ஸ்பெயினிலும் கப்பல்கள் கட்டப்பட்டன. பீரங்கித் தொழில்நுட்பம் கைவிட்டுப் போகாமலிருக்க ஸ்வீடனின் போஃபோர்ஸ் நிறுவனத்தில் குரூப் பங்குகளை வாங்கிப்போட்டது. ஆமாம், 1980-களில் இந்திய அரசியலை ஆட்டிவைத்த அதே போஃபோர்ஸ்தான்.

பெரிய ஆச்சரியம் சோவியத் ரஷ்யா. கம்யூனிஸ்ட்களைக் கண்டாலே ஆகாத ஜெர்மன் தளபதிகள், அதே கம்யூனிஸ்ட் நாட்டில் இடம் பிடித்தார்கள். லிபெட்ஸ்கில் 1925 முதல் விமானிகளுக்குப் பயிற்சி. கசான் அருகே டாங்கிப் பள்ளி. அங்கே ஓட்டிப் பார்த்த டாங்கிகளைச் செய்தது குரூப், ரைன்மெட்டால், டைம்லர்-பென்ஸ். காகிதத்தில் அவற்றின் பெயர் 'பெரிய டிராக்டர்'. பீரங்கி வைத்த டிராக்டரை எந்த விவசாயி கேட்டார் என்று யாரும் கேட்கவில்லை.

கூத்தின் உச்சம் கேப்டன் வால்டர் லோமன் விவகாரம். கடற்படையின் ரகசியப் பணம் இவர் கையில் இருந்தது. அதைப் பெருக்குகிறேன் என்று ஃபோபஸ் என்ற சினிமா கம்பெனியில் கொட்டினார். கம்பெனி திவாலானது. சினிமா கம்பெனிக்கு ஏது இவ்வளவு பணம் என்று 1927-ல் ஒரு பெர்லின் நாளிதழ் நிருபர் தோண்ட, குட்டு வெளிப்பட்டது. பாதுகாப்பு அமைச்சர் ஓட்டோ கெஸ்லர் பதவியை விட்டார். ரகசியத் திட்டம் மட்டும் நிற்கவில்லை.

முதலாளிகள்தான் ஹிட்லரை வளர்த்தார்களா?

இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். ஃபிரிட்ஸ் தைசன் போன்ற ஒருசிலர் முன்பே நாஜி கட்சிக்குப் பணம் கொடுத்தார்கள், உண்மைதான். ஆனால் குஸ்டாவ் குரூப் உள்பட பெரும்பாலான பெரும்புள்ளிகள் ஹிட்லர் பதவிக்கு வரும்வரை தள்ளியே நின்றார்கள். வந்த பிறகு மாறிய வேகம்தான் கவனிக்க வேண்டியது.

1933 பிப்ரவரி 20. கோரிங்கின் மாளிகையில் சுமார் 25 தொழிலதிபர்கள். ஹிட்லர் வந்து பேசினார், ஜனநாயகம் இருந்தால் தனியார் தொழில் நிலைக்காது என்றார். இதுதான் கடைசித் தேர்தலாக இருக்கும் என்று கோரிங் சொல்லாமல் சொன்னார். அடுத்து ஷாக்ட் நிதி கேட்டார். 30 லட்சம் மார்க் சேர்ந்தது. ஐ.ஜி. ஃபார்பன் ரசாயன நிறுவனம் மட்டும் 4 லட்சம். நன்கொடை கொடுத்தவர்களுக்கு ஆர்டர் வந்தது, தொழிற்சங்கத் தொல்லையும் ஒழிந்தது.

ஆர்டருக்குப் பணம்? அதற்கும் ஷாக்ட் ஒரு வழி செய்தார். 'மெஃபோ' என்று ஒரு லெட்டர்பேடு கம்பெனி. பெயர் உலோக ஆராய்ச்சி நிறுவனம். குரூப், சீமென்ஸ், ரைன்மெட்டால், குட்டஹோஃப்னுங்ஸ்ஹுட்டே நான்கும் சேர்ந்து போட்ட முதல் வெறும் 10 லட்சம் மார்க். ஆயுதம் செய்து கொடுக்கும் ஆலைக்கு அரசு காசு தராது, மெஃபோ பெயரில் ஒரு கடன் பத்திரம் வரும். பின்தேதி போட்ட செக் மாதிரி. ரைக்ஸ் வங்கி உத்தரவாதம் இருந்ததால் வங்கிகள் அதை வாங்கிக்கொண்டன. பட்ஜெட்டில் ஒரு வரிகூட வராது. வெளிநாட்டு ஒற்றர்கள் கணக்குப் புத்தகத்தைப் புரட்டினாலும் ஒன்றும் தெரியாது. 1938-க்குள் இப்படிச் சுற்றிய பத்திரங்களின் மதிப்பு சுமார் 1,200 கோடி மார்க்.

1935 மார்ச்சில் ஹிட்லர் முகமூடியைக் கழற்றினார். விமானப்படை இருக்கிறது, கட்டாய ராணுவ சேவையும் வருகிறது என அறிவித்தார். ஜூன் 18-ல் பிரிட்டன் தானாகவே வந்து கடற்படை ஒப்பந்தம் போட்டது. சரியாக 11-வது நாள் முதல் நீர்மூழ்கி, யு-1, படையில் சேர்ந்துவிட்டது. 11 நாளில் நீர்மூழ்கி கட்ட முடியாது என்று தெரிய பெரிய நிபுணர் யாரும் தேவையில்லை.

'முடியாது' என்றவர்கள்

எல்லோரும் தலையாட்டினார்கள் என்றும் சொல்ல முடியாது. விமானத் தயாரிப்பாளர் ஹியூகோ ஜங்கர்ஸ் ஒருகாலத்தில் ராணுவத்துக்காக மாஸ்கோ அருகே ஆலை நடத்தியவர். நாஜிகளுடன் ஒத்துப்போகவில்லை. 1933-ல் காப்புரிமைகளையும் நிறுவனத்தையும் பிடுங்கிக்கொண்டு அவரை வீட்டுக்காவலில் வைத்தார்கள். 1935-ல், தன் 76-வது பிறந்தநாளன்றே இறந்தார். அவர் பெயரிலேயே குண்டுவீச்சு விமானங்கள் பறந்தன.

நாடாளுமன்றத்தில் 1926 டிசம்பரில் ரஷ்யத் தொடர்பைப் போட்டுடைத்த ஃபிலிப் ஷைடமனைத் துரோகி என்று கூச்சலிட்டார்கள். அடுத்த நாளே அரசு கவிழ்ந்தது, ஆனால் ரஷ்யாவில் பயிற்சி தொடர்ந்தது.

பத்திரிகையாளர் கார்ல் ஃபான் ஒசியட்ஸ்கிக்கு நடந்தது இன்னும் மோசம். ரகசிய விமானப் பயிற்சி பற்றி 1929-ல் தன் வார இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அதற்கு 1931-ல் உளவு வழக்கில் 18 மாதம் சிறை. தண்டனை கொடுத்தது நாஜி நீதிமன்றம் இல்லை, ஜனநாயக ஜெர்மனியின் நீதிமன்றம். நாஜிகள் வந்ததும் வதைமுகாம். 1935-க்கான அமைதி நோபல் பரிசு அறிவிக்கப்பட்டும் அதை வாங்க ஜெர்மனி அவரை அனுப்பவில்லை. 1938-ல் காசநோயால் இறந்தார்.

போருக்குப் பிறகு நியூரம்பெர்கில் குஸ்டாவின் மகன் ஆல்ஃபிரட் குரூப்புக்கு 12 ஆண்டு சிறையும் சொத்து பறிமுதலும் தீர்ப்பானது. அடிமைத் தொழிலாளர்களை வேலை வாங்கியதும் ஆக்கிரமித்த நாடுகளில் கொள்ளையடித்ததும்தான் குற்றம். ரகசியமாக ஆயுதம் செய்து போருக்குச் சதி செய்தார் என்ற குற்றச்சாட்டு நிற்கவில்லை. 1951 பிப்ரவரியில் அவர் வெளியே வந்தார், சொத்தும் திரும்பக் கிடைத்தது.

ஒசியட்ஸ்கியின் தண்டனையை ரத்து செய்யச் சொல்லி அவர் மகள் வழக்குப் போட்டார். 1992-ல் ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.